அரிசியின் வெண்மையும் உடலின் வன்மையும்

ஊட்டமுள்ள உணவு என்றதும் பாலும் முட்டையும் பழமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நாள்தோறும் வாங்குவதற்கு வருவாய் போதவில்லையே என்ற ஏக்கமும் உடன் எழுகின்றது. ஆயின், நம் கையில் ஏற்கெனவே இருக்கும் சத்தில் எவ்வளவை நாமே கொட்டிவிடுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. களத்தில் தூற்றிய நெல், இலையில் சோறாக விழுவதற்குள் மூன்று இடங்களில் தன் சத்தை இழக்கின்றது: ஆலையில் ஒரு முறை, கழுநீர்ப் பானையில் ஒரு முறை, கஞ்சி வடிக்கும்போது ஒரு முறை. இவ்விழப்பைக் குறைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. பழக்கத்தைச் சிறிது மாற்றிக்கொண்டால் போதும். அதனை இங்கே ஆராய்வோம்.

நெல்லின் உமியை நீக்கியவுடன் கிடைக்கும் அரிசி வெண்மையாக இராது. அதன்மேல் மெல்லிய தவிட்டுப் படலம் ஒன்று போர்த்திருக்கும். ஒரு நுனியில் முளைக்கரு ஒட்டியிருக்கும். அரிசியில் உள்ள கொழுப்பு, நார், தாதுப் பொருள்கள், பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இவ்விரண்டிலுமே அடங்கியுள்ளது. உள்ளே இருக்கும் வெண்மையான பகுதி பெரும்பாலும் மாவுப்பொருளே. அரிசியைத் தீட்டத் தீட்ட அது வெளுக்கின்றது; வெளுக்க வெளுக்கச் சத்து தவிட்டோடு போகின்றது. அத்தவிடு மாட்டுக்குப் போகின்றது. நம் வீட்டுப் பசு நம்மைவிடச் சத்துள்ள உணவை உண்கின்றது என்று கூறினால் அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று.

கோழிகள் கற்பித்த பாடம்

இந்த உண்மை உலகுக்கு எவ்வாறு தெரிய வந்தது என்பது ஒரு சுவையான வரலாறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்பும் அரிசி உண்ணும் நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முதலில் கால்கள் மரத்துப்போகும்; பின்னர் நடை தளரும்; சிலருக்கு உடல் வீங்கி, இதயம் சோர்ந்து, உயிர் பிரியும். இது கிருமியால் வருவது என்றே மருத்துவர்கள் முதலில் நம்பினர். அந்நாளில் ஜாவா தீவு டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே ஐக்மன் என்ற மருத்துவர் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1890-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், சில நாட்களுக்குப் பின் தாமாகவே தேறிவிடுவதையும் அவர் கண்டார். காரணம் தேடியபோது, மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற காலத்தில் அவை நோயுற்றன என்பதும், தவிடு நீங்காத அரிசியைத் தின்னத் தொடங்கியதும் தேறின என்பதும் புலனாயின.

இதனையடுத்து ஜாவாவின் சிறைச்சாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கிருந்த 101 சிறைகளில் கைதிகள் உண்ட அரிசியின் வகை கணக்கெடுக்கப்பட்டது. நன்கு தீட்டிய வெள்ளை அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பெரிபெரி காணப்பட்டது. தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றனர். தவிட்டில் உள்ள அந்தக் காக்கும் பொருள் 1926-இல் ஜாவாவிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனைத் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அழைக்கிறோம். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மலாயாவில் நம்மவர் உண்ட அரிசி

இவ்வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவர் பட்ட துன்பங்கள் பல. எனினும், பெரிபெரி அவர்களை அவ்வளவாக அணுகவில்லை. அதே நாட்டில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரோ இந்நோயால் பெருந்தொகையாக மாண்டனர். பிராடன் என்ற மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசி. மலாய் மக்கள் உண்டது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய் அரிசியைத் தொடர்ந்து செல்வதை அவர் கண்டு 1907-இல் நூலாக எழுதினார்.

அதே காலத்தில் பிளெட்சர் என்ற மற்றொரு மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். அங்கிருந்த நோயாளிகளை ஏறத்தாழ 120 பேர் கொண்ட இரு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டோரில் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாயினர். அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் இருவருக்கே அந்நோய் இருந்தது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே அதனோடு வந்தவர்கள். நோயாளிகளின் உயிரை வைத்து இவ்வாறு சோதிப்பதை இன்று எவரும் ஒப்பமாட்டார். எனினும், அதன் முடிவை மறுப்பார் இல்லை.

நெல்லை ஊறவைத்து அவிப்பதால் அப்படி என்ன நேர்கின்றது? ஊறும்போது தவிட்டில் உள்ள வைட்டமின்கள் நீரில் கரைகின்றன. அவியும் வெப்பத்தில் அந்நீர் அரிசியின் உட்புறத்துக்குச் செல்கின்றது. மாவுப்பொருள் வெந்து இறுகும்போது சத்தும் உள்ளேயே தங்கிவிடுகின்றது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டு நெடுங்காலம் வழங்கிவந்த உணவு அட்டவணையின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், அவ்வாறே தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம். மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! அண்டாவில் நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லையே கேட்டதில்லை. நெல் குத்தும்போது நொய் விழாதிருக்க வேண்டும், அரிசி வண்டு பிடிக்காதிருக்க வேண்டும் என்பனவே அவர்கள் கருதியவை. சத்து அதனோடு சேர்ந்து கிடைத்தது.

அன்றைய சென்னை மாகாணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வடக்கே பச்சரிசி உண்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி நிலையாகக் குடிகொண்டிருந்தது. தெற்கே புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இதனை ஆராய்வதற்கென 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்பவர் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, மேலே குறிப்பிட்ட தேசிய நிறுவனமாக விளங்குகின்றது.

அதே மக்காரிசன் குன்னூரில் செய்த மற்றொரு சோதனை நமக்குப் பெருமை தருவதன்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை எல்லாவற்றிலும் கடைசியாக நின்றன. புழுங்கலரிசி பெரிபெரியிலிருந்து நம்மைக் காத்தது உண்மை. ஆயினும், மலைபோல் சோறும் மடுப்போல் குழம்புமாக, பருப்பும் கீரையும் பாலும் பெயரளவுக்கு மட்டுமே இருந்தால் உடல் வளராது என்பதே அவ்வெலிகள் கூறிய செய்தி. இவ்விரண்டு பாடங்களையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

ஆலையில் நேர்வது

அண்மையில் காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரிசி ஆலைக்கு நாம் சென்றிருந்தோம். ஏன் இவ்வளவு தீட்டுகிறீர்கள் என்று உரிமையாளரை வினவினோம். “ஐயா, தவிடு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அரிசி பழுப்பாக இருக்கிறது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நான் எனக்காகவா தீட்டுகிறேன்?” என்றார் அவர். அவர் கூறியதில் நியாயம் இருக்கின்றது. ஆலைக்காரரைக் குறைகூறுவது எளிது. ஆனால் வெண்மையை விரும்பி விலை கொடுப்பவர் நாமே. திருமணப் பந்தியில் மல்லிகைப்பூப் போன்ற சோறு விழாவிட்டால் குடும்ப மானமே போய்விட்டதாகக் கருதும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை.

தவிடுள்ள அரிசியை விற்பனையாளர் விரும்பாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது விரைவில் காறிப்போகும். வண்டும் எளிதில் பிடிக்கும். நகரக் கடைக்கு மாதக்கணக்கில் மூட்டையை அடுக்குவோருக்கு இது இடையூறே. ஆனால், சொந்த நெல்லை வீட்டில் வைத்திருக்கும் உழவருக்கு இத்தடை இல்லை. நெல்லாகவே சேமித்து வைத்து, இரண்டு அல்லது மூன்று வாரத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். ஊர் ஆலையில் கொடுக்கும்போதே ஒரு தீட்டு போதும் என்று கூறிவிட வேண்டும். ஒரு தீட்டு அரிசி வேக நேரம் சற்றுக் கூடுதலாகும். அரைமணி நேரம் ஊறவைத்தால் அக்குறை தீரும்.

மீண்டும் உரலுக்கும் உலக்கைக்கும் திரும்பவேண்டும் என்று நாம் கூறவில்லை. கைக்குத்தல் தொழிலைக் காப்பதையும் கருதி, 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று நாட்டில் இயற்றப்பட்டது. 1997-இல் அது நீக்கப்பட்டது. சட்டம் இருந்தபோதே உரல் மூலைக்குப் போய்விட்டது. விடியற்காலையில் எழுந்து தோள் நோகக் குத்திய பெண்களைக் கேட்டால் அதன் காரணத்தைச் சொல்வார்கள். இயந்திரத்தில் குற்றமில்லை, அதனை எவ்வளவு நேரம் ஓடவிடுகிறோம் என்பதே கேள்வி.

இன்னொன்றும் கூறவேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி முதலிய பழைய நெல் வகைகள் மீண்டும் மதிப்புப் பெற்றுவருவது மகிழ்ச்சிக்குரியது. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் இவ்விதைகளைத் தேடித் தேடிக் காத்து 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்களின் தொண்டு மறக்கற்பாலதன்று. ஆனால், செந்நிற அரிசியின் நிறம் முழுதும் தவிட்டில்தான் இருக்கின்றது. அதனையும் வெளுக்கத் தீட்டினால் பழைய வகை என்ற பெயரும் கூடுதல் விலையுமே மிஞ்சும். எந்த அரிசியும் எல்லா நோயையும் போக்கும் மருந்தாகாது. அவ்வாறு கூறி விற்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

அடுப்படியில் நேர்வது

ஆலைக்குத் தப்பிய சத்து அடுப்படியில் போய்விடக் கூடாது. அரிசியை நான்கைந்து முறை கையால் பிசைந்து, நீர் தெளியும் வரை கழுவுவது பலருடைய வழக்கம். பி வகை வைட்டமின்கள் நீரில் கரைபவை. ஒவ்வொரு கழுவலிலும் ஒரு பகுதி போகின்றது. தீட்டிய பச்சரிசியிலிருந்தே மிகுதியாகப் போகின்றது. கல்லும் தூசியும் நீங்க ஒருமுறை அல்லது இருமுறை, குறைந்த நீரில், தேய்க்காமல் அலசினால் போதும்.

வடிகஞ்சியைக் கீழே கொட்டுவது அடுத்த இழப்பு. அளவாக நீர் வைத்துப் பொங்கினால் வடிக்கவே வேண்டியதில்லை. வடித்துத்தான் பழக்கம் என்போர் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து பருகலாம். இரசத்திலும் குழம்பிலும் சேர்க்கலாம். இரவில் சோற்றில் நீரூற்றிக் காலையில் நீராகாரத்தோடு உண்ணும் வழக்கத்தில் இத்தகைய இழப்பு இல்லை. தூய நீரை ஊற்றி, மூடிவைத்து, காலையிலேயே உண்டுவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகின்றனர். வடித்த சோறும் மாவுப்பொருளே. புழுங்கலரிசிச் சோறும் அவ்வாறே. அவர்கள் குறைக்கவேண்டியது கஞ்சியை அன்று. இலையில் விழும் சோற்றின் அளவை. 2023-இல் வெளியான பேராய்வு ஒன்றின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இது நகரத்துச் செல்வர் நோய் என்று கிராமத்தார் இனியும் ஒதுங்கியிருக்க இயலாது. நம் தந்தையர் மூன்று வேளையும் சோறு உண்டனர் என்பது உண்மையே. அவர்கள் ஏர் பிடித்தனர், ஏற்றம் இறைத்தனர், சந்தைக்கு நடந்து சென்றனர். இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. மின்விசை நீர் இறைக்கின்றது. வயலுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். உழைப்புக் குறைந்த பின்னும் சோறு மட்டும் பழைய அளவில் விழுகின்றது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் வரப்பைச் சுற்றி விரைந்து நடந்தாலே அது நிறைவேறும்.

சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கின்றது?

குன்னூர் எலிகள் கூறிய பாடத்துக்கு வருவோம். 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவர் பெறும் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர்க்குப் பருப்பு 85 கிராமும், கீரையும் காய்கறியுமாக 400 கிராமும் வேண்டும். நம் வீட்டு இலையை இந்த அளவோடு ஒப்பிட்டால் சோறு கூடுதலாகவும் மற்றவை குறைவாகவும் இருப்பது தெரியும்.

தானியத்திலும் அரிசி ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணச் சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் ஒரு வேளைக் கேழ்வரகுக் கூழோ அடையோ பெருந்துணை. கம்பில் இரும்புச் சத்து அரிசியைவிடப் பன்மடங்கு. ஒரு காலத்தில் ஏழை உணவு என்று இவற்றை நாம் தள்ளினோம். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின் நகரங்களில் இவற்றின் விலை ஏறியிருக்கின்றது; விளைவிக்கும் ஊரில் உண்பார் குறைவு.

இவற்றினும் அவசரமானது சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினரும் இரத்தச் சோகை உடையோர். இரண்டு பெண்களில் ஒருவர் என்பது இதன் பொருள். நடவு நடும் பெண் நண்பகலில் மூச்சு வாங்கி வரப்பில் அமர்ந்தால் சோம்பல் என்று கருதிவிடுகிறோம். அவர் இரத்தத்தில் இரும்பு இல்லை என்பதை எவரும் எண்ணுவதில்லை. வீட்டில் எல்லோரும் உண்ட பின் அடிச்சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்பவரும் அவரே. கீரையும் பருப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும். ஆகவே, குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து உண்பதும், கீரையில் ஒரு பங்கைப் பெண்களுக்கென முதலிலேயே எடுத்து வைப்பதும் ஒரு சிறந்த மருத்துவமே என்போம்.

கீரையில் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி அதனைச் சேரச் செய்யும். கீரையை இறக்கிய பின் எலுமிச்சை பிழிதல் நன்று. உணவு உண்டவுடன் தேநீர் பருகுவது இதற்கு நேர்மாறானது. அதில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைத் தடுத்துவிடும். தேநீரை விடவேண்டியதில்லை, உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி இருக்கட்டும். கொக்கிப்புழு இருப்பின் எவ்வளவு உண்டும் பயனில்லை. அது குடலில் இருந்து இரத்தத்தையே உறிஞ்சும். கழிப்பறையைப் பயன்படுத்துவதும், செருப்பணிந்து நடப்பதும், பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாது விழுங்கச் செய்வதும் இதற்குக் காப்பு. சோகை மிகுந்தவர்க்கு உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து இரும்பு மாத்திரை பெறவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பொது விநியோகக் கடைகளில் செறிவூட்டிய அரிசி வழங்கத் தொடங்கிய ஆண்டுகளில், அதில் கலந்திருந்த சத்து மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று கருதிப் பலர் பொறுக்கி எறிந்தனர். அவை அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து வார்த்த மணிகள். சோகைக்கென வந்த மருந்து குப்பையில் விழுந்தது. ஊரில் மதிப்புள்ள ஓர் உறுப்பினர், கடைவாசலிலேயே நின்று விளக்கி, தம் வீட்டிலும் அதனைச் சமைத்து உண்டு காட்டியிருந்தால் அவ்வதந்தி ஒரு வாரம்கூட நின்றிராது. இத்தகைய வதந்திகள் மீண்டும் வரும். அப்போது அறிக்கை ஒட்டுவதைவிட உண்டு காட்டுவது மேல்.

கிராம சபைக்கு ஊர் ஆலை உரிமையாளரை அழைத்துப் பேசலாம். ஒரு தீட்டு அரிசி கேட்போர் நாற்பது குடும்பம் இருப்பதாகத் தெரிந்தால், வாரத்தில் ஒரு நாளை அதற்கென ஒதுக்க அவர் மறுக்கமாட்டார். கேட்பவர் ஒருவராக இருக்கும்போதுதான் அவருக்கு அது தொல்லை. ஊர்ப் பொது விருந்துகளில் ஒரு கீரையும் ஒரு பருப்பும் கட்டாயம் இருக்கட்டும் என்று பெரியோர் முடிவு செய்தால், வெள்ளைச் சோற்றின் பெருமை தானே குறையும்.

சத்துணவுக் கூடத்தையும் அங்கன்வாடியையும் ஒட்டி ஐந்து சென்ட் நிலம் இருந்தால் போதும். குழாயடியில் வீணாகி ஓடும் நீரை ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பினால் பொன்னாங்கண்ணியும் முளைக்கீரையும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். வேலியோரம் அகத்தியும், மேட்டுப் பாங்கான இடத்தில் முருங்கையும் வைக்கலாம். முருங்கைக்கு விதை தேடவேண்டியதில்லை. ஊரில் நன்கு தழைக்கும் மரத்திலிருந்து கைப்பருமனுள்ள போத்து ஒன்றை வெட்டி, மழை தொடங்கும் முன் ஊன்ற வேண்டும். அடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகையால், குழாயடிக்கு மிக அருகில் வைக்கலாகாது. முதல் ஆண்டு முழுவதும் ஆடு கடிக்காதபடி முள் கட்டி வைக்கவும்.